மீட்டர் கூலிக்குக் கப்பல் கட்ட முடியாது: கப்பல் துறை அமைச்சகத்துக்கு ஒரு வெல்டரின் திறந்த மடல்

மத்திய துறைமுகங்கள், கப்பல் போக்குவரத்து மற்றும் நீர்வழிகள் அமைச்சகத்துக்கு,

நான் கப்பல் வெல்டர். திருச்செந்தூர் பக்கம் ஊர். ஐ.டி.ஐ. முடித்து 2006-ல் சிங்கப்பூர் போனேன். 16 வருடம் அங்கே யார்டுகளில் வேலை. 2022-ல் திரும்பி வந்து, நம் நாட்டுக் கப்பல் தளம் ஒன்றில் ஒரு கான்ட்ராக்டரின் ஆளாக 14 மாதம் இருந்தேன். அந்தத் தளத்தின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே நடந்தது அந்த ஒரு தளத்தில் மட்டும் நடப்பதில்லை. இப்போது ஊரில் சின்னப் பட்டறை வைத்து கேட், ஜன்னல் கிரில் செய்கிறேன். சாய்த்துப் பூட்டிய குழாயைச் சுற்றி வந்து வெல்டு அடித்து எக்ஸ்ரேயில் தேறிய 6ஜி சான்றிதழ் வீட்டுப் பெட்டிக்குள் கிடக்கிறது.

2025 செப்டம்பர் 24 அன்று மத்திய அமைச்சரவை கப்பல் கட்டும் துறைக்கு 69,725 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒப்புக்கொண்டது. பேப்பரில் வந்ததை எல்லாம் எடுத்து வைத்துப் படித்தேன். கப்பல் கட்ட நிதி உதவி 24,736 கோடி. கடல்சார் வளர்ச்சி நிதியம் 25,000 கோடி. தளங்களை விரிவாக்க 19,989 கோடி. நிதி உதவி 2036 மார்ச் வரை ஓடும். இவ்வளவு தெளிவாக எழுதிய அறிவிப்பில், கப்பலைக் கட்டப்போகிற ஆள் 30 லட்சம் வேலைவாய்ப்பு என்ற எண்ணிக்கையாக வருகிறார், திறன் மேம்பாடு என்ற சொல்லாக வருகிறார். அந்த வேலையை யார் கொடுப்பார்கள், தளமா கான்ட்ராக்டரா, கூலி மாதத்துக்கா வெல்டு அடித்த மீட்டருக்கா, டேங்குக்குள் மயங்கி விழுந்தால் யார் பொறுப்பு என்பதற்கு ஒரு வரி இல்லை. அந்த ஒரு வரிக்காகத்தான் இந்த மடல்.

திட்டமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வெளிநாட்டுக் கப்பல்களுக்கு நாம் வருடத்துக்குச் சுமார் 6 லட்சம் கோடி ரூபாய் சரக்குக் கட்டணம் கொடுக்கிறோம் என்று பிரதமரே பவநகரில் சொன்னார். உலகத்தில் கட்டப்படும் கப்பல்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சீனா, தென்கொரியா, ஜப்பான் ஆகிய மூன்று நாடுகளில் கட்டப்படுகின்றன. நம் பங்கு ஒரு சதவீதத்துக்கும் மிகக் கீழே. 2030-க்குள் முதல் பத்து, 2047-க்குள் முதல் ஐந்து என்ற உங்கள் இலக்கு எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த மூன்று பேரோடு எதை வைத்துப் போட்டி போடுவது என்று பேச்சு வரும்போதெல்லாம் "நம்மிடம் மலிவான ஆள்பலம் இருக்கிறது" என்கிறார்கள். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை. மலிவு கப்பல் கட்டாது. அதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூரில் நான் சேர்ந்த புதிதில் சீனாவிலிருந்து பார்ஜில் பிளாக்குகள் வரும். பிளாக் என்றால் கப்பலின் ஒரு துண்டு, நாலு மாடி வீடு அளவுக்கு இருக்கும். இரண்டு துண்டுகளை எதிரெதிரே நிறுத்தினால் விளிம்பும் விளிம்பும் சேராது. ஒரு முனையில் ஐந்து மில்லி இடைவெளி இருக்கும், இன்னொரு முனையில் மூன்று விரல் நுழையும். மேலே தட்டு பொருந்தினால் கீழே தட்டைத் தாங்கும் பட்டையான ஸ்டிஃப்னர் விலகி நிற்கும். வெட்டி, தட்டி, மறுபடி பொருத்தவே ஷிஃப்ட் ஓடிவிடும். "சைனா பிளாக்கா, ஓவர்டைம் உறுதி" என்று நாங்கள் பேசிக்கொள்வோம்.

ஏழெட்டு வருடம் போனது. அதே வழியாக வந்த ஒரு பிளாக்கை கிரேன் இறக்கி வைத்தது. எங்கள் போர்மேன் கேஜை எடுத்து ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து அளந்தார். எல்லா இடத்திலும் ஐந்து, ஆறு மில்லி. செராமிக் பட்டியை ஒட்டி நேராக வெல்டு அடிக்கலாம். அவர் கேஜைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். அப்புறம் பிளாக் வருவது போய், முழு ஹல்லே, அதாவது கப்பலின் கூடே, அங்கிருந்து இழுத்து வரப்பட்டது. எங்களுக்குக் குழாயும் கேபிளும் மட்டும் மிஞ்சின. 2010 வாக்கில் சீனா கொரியாவைத் தாண்டிவிட்டது என்று செய்தியில் படித்தவர்கள் உண்டு. நான் அதை அந்த இடைவெளி குறைந்துகொண்டே வந்ததில் பார்த்தேன்.

அங்கே மட்டும் தொழிலாளி ராஜாவாக இருந்தான் என்று சொல்ல வரவில்லை. சீன யார்டுகளிலும் ஊர் விட்டு ஊர் வந்த ஒப்பந்த ஆட்கள் ஏராளம். ஆனால் அங்கே ஆர்டர் நிற்கவில்லை. அரசாங்கம் வங்கிக் கடனாகவும் உருக்காகவும் பின்னால் நின்றது. உலக உருக்கில் பாதிக்கு மேல் அங்கேதான் காய்ச்சப்படுகிறது. கப்பலுக்கு மேல் கப்பல் வந்ததால் கை ஓயாமல் பழகியது. நமக்கு அந்தத் தொடர் ஓட்டம் இப்போதைக்குக் கிடையாது. பெரிய கப்பலுக்கு வேண்டிய மெயின் என்ஜினையே வெளியிலிருந்துதான் வாங்குகிறோம். ஆகவே கையில் இருக்கிற ஆளை விடாமல் வைத்துக்கொள்வது மற்றவர்களை விட நமக்குத்தான் அதிகம் தேவை. நாமோ தலைகீழாகச் செய்கிறோம்.

நம் தளத்தில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். டபுள் பாட்டம் என்பது கப்பலின் அடித்தட்டுக்கும் அதற்கு மேலே உள்ள தட்டுக்கும் நடுவில் இருக்கும் அறைகள். ஆள் நிமிர முடியாது, முட்டி போட்டோ மல்லாந்து படுத்தோ வேலை செய்ய வேண்டும். அங்கே ஒரு ஜாயின்ட்டில் இடைவெளி 20 மில்லிக்கு மேல் இருந்தது. இதற்கு எல்லா நாட்டிலும் முறை ஒன்றுதான்: விளிம்பை வெல்டு போட்டு வளர்த்து, கிரைண்டர் பிடித்துச் சரிசெய்து, பார்வையிட்ட பிறகு சேர்க்க வேண்டும். இல்லை என்றால் அந்தப் பகுதித் தட்டை வெட்டிப் புதுத் துண்டு வைக்க வேண்டும். எனக்கு ஒரு நாள் வேலை அது. கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் மேன்ஹோலில் தலையை விட்டு, "ராடைப் போட்டு நிரப்பி மேலே ஒரு பூச்சு பூசு" என்றார். ராடுத் துண்டுகளை அந்தப் பள்ளத்தில் அடுக்கி அதன் மேல் வெல்டு ஓட்டினால் வெளியே பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பொந்து. கடலில் அலை அடித்து ஹல் வளைந்து நிமிரும்போது விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும்.

முடியாது என்றேன். அன்றைக்கு எனக்கு எழுதப்பட்ட மீட்டர் பூஜ்யம். பக்கத்து அறையில் இருந்தவருக்கு 11 மீட்டர். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு மூன்று பிள்ளைகள், ஊருக்கு மாதாமாதம் பணம் போக வேண்டும். மீட்டருக்குக் கூலி என்று வைத்துவிட்டு நல்ல வெல்டு வேண்டும் என்றால் எப்படி நடக்கும்? கப்பல்காரரிடமிருந்து தளம் ஒரு விலை வாங்குகிறது. தளம் கான்ட்ராக்டரிடம் டன்னுக்கு இவ்வளவு என்று பேசுகிறது. கான்ட்ராக்டர் தனக்குக் கீழே ஒரு துணைக் கான்ட்ராக்டரிடம் கைமாற்றுகிறார். வெல்டரிடம் வந்து சேரும்போது அது மீட்டராகிவிடுகிறது. நீங்கள் கொடுக்கப்போகும் மானியம் இந்தப் படிகளில் மேல் படியோடு நின்றுவிடும். பொந்து மட்டும் கப்பலோடு போகும். தண்ணீரை வடித்துக் கப்பலின் அடியைப் பார்க்கும் ட்ரை டாக்கில் அதை எவனாவது ஒரு சர்வேயர் கண்டுபிடித்தால், அடுத்த ஆர்டர் நமக்கு வராது.

இன்னொரு சம்பவம். ஒடிசாவிலிருந்து வந்த பையன், 19 வயது இருக்கும். பெயின்ட் அடித்து இரண்டு நாள் ஆன பாலஸ்ட் டேங்குக்குள், கப்பல் நிலையாக நிற்கக் கடல்நீர் நிரப்பும் அறை அது, கிரைண்டிங் வேலைக்கு இறக்கினார்கள். கேஸ் செக் காகிதத்தில் கையெழுத்து இருந்தது, கேஸ் அளக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு யாரும் கீழே இறங்கவில்லை. மேன்ஹோல் வாயில் காவல் நிற்க வேண்டிய ஆளைக் கேபிள் இழுக்கக் கூட்டிப் போயிருந்தார்கள். கிரைண்டர் சத்தம் திடீரென்று நின்றதால்தான் எங்களுக்குத் தெரிந்தது. நானும் இன்னொருவரும் இறங்கி அவனை இடுப்பில் கயிறு கட்டித் தூக்கினோம். நாங்கள் அப்படி இறங்கியதும் தப்புதான், அது எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்தில் மூச்சுக் கருவி எதுவும் இல்லை. வெளியே கிடத்தியபோது உதடு நீலம். தண்ணீர் தெளித்து, தேய்த்து, பத்து நிமிஷம் கழித்துக் கண்ணைத் திறந்தான். மறுநாள் அவன் கேட் பாஸ் ரத்து. கான்ட்ராக்டர் ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிட்டார். தளத்தின் விபத்துப் பதிவேட்டில் எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். "அவன் எங்கள் ஆள் இல்லையே" என்றார் பாதுகாப்பு அதிகாரி. இந்த ஒரு வாக்கியத்தை எப்படி ஒழிப்பது என்று அமைச்சகம் யோசிக்க வேண்டும்.

2018 பிப்ரவரியில் கொச்சித் தளத்தில் பழுது பார்க்க நின்ற துரப்பணக் கப்பலில் வாயு வெடித்து 5 பேர் இறந்தார்கள். 2020 ஆகஸ்ட் 1 அன்று விசாகப்பட்டினத்தில் கிரேன் சரிந்து 11 பேர் இறந்தார்கள், அதில் பலர் ஒப்பந்த நிறுவனங்களின் ஆட்கள். இவை செய்தியில் வந்தவை. செய்தியில் வராமல் ரயில் ஏற்றப்பட்டவர்களை யார் எண்ணுகிறார்கள்?

அப்புறம், கொரியாவைப் பாருங்கள் என்று எப்போதும் சொல்கிறார்கள். பார்க்கலாம். உல்சானில் 1972-ல் தளத்தைத் தோண்டிக்கொண்டே அதற்குள் கப்பலையும் கட்டி, 1974-ல் இரண்டு பெரிய எண்ணெய்க் கப்பல்களை இறக்கினார்கள். பெரிய சாதனை, மறுக்கவில்லை. சுவீடனின் மால்மோவில் 138 மீட்டர் உயரத்தில் நின்ற ராட்சத கிரேனை 2002-ல் ஒரே ஒரு டாலருக்கு வாங்கி உல்சானுக்குக் கொண்டு போனார்கள். அது கடலேறியதைப் பார்த்து மால்மோ ஜனங்கள் அழுதார்கள், "மால்மோவின் கண்ணீர்" என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஒரு காலத்தில் உலகத்துக்கே கப்பல் கட்டிக் கொடுத்த பிரிட்டனை 1956-ல் ஜப்பான் தாண்டியது. ஜப்பானைக் கொரியா தாண்டியது. கிரேன் ஒரு டாலருக்குக் கூடக் கிடைக்கும். ஆள் கிடைக்க மாட்டான் என்பதுதான் கொரியக் கதையின் மறுபாதி.

2015, 2016-ல் ஆர்டர் சரிந்தபோது கொரியத் தளங்கள் ஆட்களை வெட்டின. 2014-ல் சுமார் 2 லட்சம் பேர் வேலை செய்த துறையில் 2021-ல் பாதி கூட இல்லை. மிஞ்சியவர்களில் துணை ஒப்பந்தத் தொழிலாளர்கள் தங்கள் கூலியில் சுமார் 30 சதவீதத்தை இழந்தார்கள். ஆர்டர் திரும்பி வந்தது, கூலி திரும்பி வரவில்லை. 2022 ஜூனில் கோஜே தீவின் ஓக்போ தளத்தில் அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு வெல்டர், ஒரு மீட்டர் நீள அகல உயரமுள்ள இரும்புக் கூண்டைச் செய்து, கட்டி முடியாத கப்பலின் அடியில் தன்னை அதற்குள் வைத்துத் தானே வெல்டு அடித்து அடைத்துக்கொண்டார். ஒரு மாதம் அதற்குள் மடங்கிக் கிடந்தார். டபுள் பாட்டத்தில் மடங்கிக் கிடந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தப் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. 51 நாள் கழித்து 4.5 சதவீத உயர்வோடு போராட்டம் முடிந்தது. போராடியவர்கள் மேல் 4,700 கோடி வான் (கொரியப் பணம்) நஷ்ட ஈடு வழக்கு வந்தது.

என்னோடு சிங்கப்பூரில் ஒரே அறையில் தங்கிய மன்னார்த் தம்பி ஒருவன் இப்போது கோஜேயில் இருக்கிறான். உள்ளூரில் ஆள் வராததால் வெளிநாட்டு வெல்டர்களுக்கு விசாவைத் தளர்த்தினார்களே, அப்படிப் போனவன். போன மாதம் பேசினான். "அண்ணை, இஞ்ச என்ர பக்கத்தில நிண்டு வேலை செய்யிறவருக்கு அறுபது வயசு. அவற்ற பாஷை எனக்கு விளங்காது, கையைப் பிடிச்சுத்தான் காட்டித் தாறார். பொடியள் ஒருத்தரும் வரினமில்லை" என்றான். உலகத்தின் மிகச் சிறந்த தளங்களில் ஒன்று, தன் கைவேலையைத் தன் பிள்ளைகளுக்குக் கொடுக்க முடியாமல் நிற்கிறது. கூலியை நசுக்கியதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது. நாமோ அவர்கள் வந்து நிற்கும் இடத்திலிருந்தே தொடங்கப் பார்க்கிறோம்.

சட்டம் இருக்கிறது என்பீர்கள். 2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதில் ஒரு நிறுவனத்தின் முக்கியப் பணியில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக் கூடாது என்றும் இருக்கிறது, அந்த வேலை வழக்கமாகவே கான்ட்ராக்டர் மூலம் நடப்பது என்றால் வைக்கலாம் என்றும் இருக்கிறது. கப்பல் தளத்தில் வெல்டிங், ஃபிட்டிங், பெயின்டிங், கேபிள், சாரம் எல்லாமே பல காலமாகக் கான்ட்ராக்டிலேயே நடக்கிறது. ஹல்லை வெல்டு செய்வது முக்கியப் பணி இல்லை என்றால், கப்பல் தளத்தில் வேறு எதுதான் முக்கியப் பணி?

தூத்துக்குடிக்காரன் என்பதால் எனக்கு இதில் கூடுதல் உரிமை இருக்கிறது. கொச்சித் தளமும் மும்பையின் மசகான் தளமும் தலா 15,000 கோடி ரூபாயில் எங்கள் மாவட்டத்தில் கப்பல் கட்டும் தளம் அமைக்கத் தமிழ்நாடு அரசோடு ஒப்பந்தம் போட்டிருக்கின்றன. 55,000 பேருக்கு வேலை என்கிறார்கள். இந்தக் கடற்கரையில்தான் வ.உ.சி. 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளைக்காரக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து அவரை நசுக்கியது. போட்டி நாடுகள் விலையைக் குறைத்து அடிப்பது எப்படி என்று எங்கள் ஊருக்குப் புதிதாக யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அப்படி நெருக்கடியில் இருந்த அதே மனிதர் 1908-ல் தூத்துக்குடி கோரல் பஞ்சாலைத் தொழிலாளர்களின் கூலிக்காகவும் வேலை நேரத்துக்காகவும் அவர்கள் பக்கம் நின்று போராடி வாங்கிக் கொடுத்தார். கம்பெனி பிழைக்கட்டும், கூலியை அப்புறம் பார்க்கலாம் என்று அவர் ஒதுங்கவில்லை. அவர் பெயரில் துறைமுகம் நடத்துகிறவர்கள் நீங்கள்.

நான் கேட்பவற்றை நேராகவே சொல்லிவிடுகிறேன்.

முதலில், மானியப் பணத்தோடு தொழிலாளியைச் சேர்த்துக் கட்டுங்கள். ஒரு கப்பலுக்கு நிதி உதவி கேட்டுத் தளம் வரும்போது, அந்தக் கப்பலில் வேலை செய்த ஒவ்வொருவர் பெயரும், கான்ட்ராக்டர் ஆள் உட்பட, அவருக்குக் கட்டிய பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. ரசீதோடு வர வேண்டும். வராவிட்டால் பணத்தை நிறுத்துங்கள். நிதி உதவி வாங்கும் தளங்களில் ஹல் வெல்டிங்கும் ஃபிட்டிங்கும் முக்கியப் பணி என்று தெளிவாக அறிவித்து, வழக்கமாகவே கான்ட்ராக்ட்தான் என்ற அந்த விதிவிலக்கு அங்கே செல்லாது என்று எழுதுங்கள். ஒரே நாளில் முடியாது என்பது எனக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்குள் அந்த வேலைகளில் பாதிப் பேராவது தளத்தின் நேரடி ஆட்களாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வையுங்கள். துணைக் கான்ட்ராக்டர் என்ற படியை இன்றே நிறுத்தலாம்.

மீட்டர் கூலியை ஒழியுங்கள். குறைந்தபட்சம் டேங்க், டபுள் பாட்டம் போன்ற அடைபட்ட இடங்களில் மணிக் கூலிதான் என்று உத்தரவு போடுங்கள். மேன்ஹோல் வாயில் காவல் ஆளும், கையில் கேஸ் மீட்டரும், பக்கத்தில் மூச்சுக் கருவியும் இல்லாமல் யாரையும் உள்ளே இறக்கினால் அந்தக் கப்பலுக்கான தவணை நிற்க வேண்டும். மயக்கம், தீக்காயம், விழுந்தது எல்லாம், யாருடைய ஆளாக இருந்தாலும், தளத்தின் பதிவேட்டில் ஏற வேண்டும். அந்தப் பதிவேட்டை வருடா வருடம் நீங்கள் வெளியிட வேண்டும்.

25,000 கோடி நிதியத்தில் ஒரு சிறு பங்கை ஆர்டர் இல்லாத காலத்துக்கு ஒதுக்குங்கள். தளம் காலியாக நிற்கும் மாதங்களில் தேர்ந்த வெல்டருக்கும் ஃபிட்டருக்கும் பாதிச் சம்பளமாவது கொடுத்துப் பயிற்சியில் வைத்திருங்கள். கப்பல் தொழிலில் ஏற்றமும் இறக்கமும் வந்தே தீரும். இறக்கத்தில் போனவன் ஏற்றத்தில் திரும்ப மாட்டான். நானே போனவன்தான்.

தூத்துக்குடியில் தளத்துக்கு மண் வெட்டும் முன்னால் வெல்டிங் பள்ளியைத் திறங்கள். சிங்கப்பூர், துபாய், பஹ்ரைன் யார்டுகளிலிருந்து திரும்பி வந்து பெட்டிக்கடையும் ஆட்டோவுமாக இருக்கிறவர்கள் இந்த மாவட்டத்திலும் ராமநாதபுரத்திலும் நிறையப் பேர் உண்டு. அவர்களைத் தேடிப் பிடித்து வாத்தியாராக்குங்கள். உப்பளத்துப் பிள்ளைகளுக்கும் மீனவர் பிள்ளைகளுக்கும் அங்கே முதல் இடம் வேண்டும், பரீட்சைக்குப் பணம் வாங்கக் கூடாது. வெல்டர் சான்றிதழ் வெல்டரின் கையில் இருக்க வேண்டும், கான்ட்ராக்டரின் பீரோவில் அல்ல. இதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கும்படி தமிழ்நாடு தொழில் துறையையும் கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, தூத்துக்குடியில் ஒரு நாள் தொழிலாளர் கருத்துக் கேட்புக் கூட்டம் நடத்துங்கள், தமிழில். கான்ட்ராக்டர்கள் இல்லாத அறையில் நடத்துங்கள். இந்த மடலுக்கு எழுத்தில் பதில் தாருங்கள். கூட்டத்துக்கு நாள் சொன்னால், பட்டறையை அன்றைக்கு மூடிவிட்டு, சான்றிதழ்களோடு வருகிறேன். என்னிடம் பழகும் இரண்டு பையன்களும் வருவார்கள். ஜன்னல் கிரில்லில் பழகிய கைதான், ஆனால் நல்ல கை.

இப்படிக்கு,
கப்பல் வெல்டர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.